துவக்கும் அனுமதிச்சீட்டும்: இலங்கைச் சுடுபடைக்கலச் சட்டத்தின் வரலாறு பற்றி ஒரு தீவகத்து நோக்கு

மூன்றாம் வருடம், கலைப்பீடம்

தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என வழங்கும் கருவியை யாழ்ப்பாணத்தார் ‘துவக்கு’ என்பர். சிங்கள மக்கள் ‘துவக்குவ’ என்பர். இவை யாவும் ‘துபெக்’ என்னும் துருக்கிச் சொல்லின் வழிவந்தவை என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கொள்கை. சொல் கடல்வழி வந்தது போலவே பொருளும் வந்தது. அப்பொருளை வைத்திருப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்னும் கருத்து எப்போது வந்தது, யாரை மனத்திற்கொண்டு வந்தது என்னும் வினாக்களை எம் வரலாற்று மாணவர் பெரிதும் எழுப்புவதில்லை. நிலவரியையும் தோம்பையும் சாதியமைப்பையும் பற்றி ஏராளமாக எழுதும் நாம், துவக்குச் சட்டத்தைப் பொலிஸ் கந்தோரின் அலுவல் என்று ஒதுக்கிவிடுகின்றோம்.

ஆயின், ஓர் அரசு தன் குடிகளுள் எவரை நம்புகின்றது, எவருக்கு அஞ்சுகின்றது என்பதை அதன் துவக்குப் பதிவேட்டைப் போல வெளிப்படையாகக் காட்டும் ஆவணம் பிறிதொன்று இருத்தல் அரிது. துவக்கு வைத்திருப்போனின் பக்கத்தில் நின்று அச்சட்டத்தின் வரலாற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நடுநிலை ஆய்வு என்று இதனைக் கூறிக்கொள்ளேன். மண்டைதீவிலே எங்கள் அப்புவுக்கு அனுமதிச்சீட்டுடன் கூடிய ஒற்றைக்குழல் வேட்டைத்துவக்கு ஒன்று இருந்தது. அதன் பற்றுச்சீட்டு ஒன்றே இன்று எம்மிடம் எஞ்சியுள்ளது. அதனைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய வரலாறும், 1658இல் ஒல்லாந்தர் கோட்டையை எடுத்த வரலாறும் யாவரும் அறிந்தவை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டை அக்காலத்துப் பீரங்கிகளின் எச்சமாகும். அக்காலம் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. கைவினைஞன் செய்த துவக்கும் பட்டாளத்தின் துவக்கும் ஏறக்குறைய ஒரே வலுவுடையனவாயிருந்த நூற்றாண்டுகள் அவை. குடிகளின் கையிலிருந்து படைக்கலத்தை வாங்கிவிடுவதைப் பொது விதியாக ஆக்கும் போக்கு தமிழ் நிலத்தில் தெளிவாகத் தோன்றுவது பாளையக்காரர் காலத்திலாகும். 1799ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட சில நாட்களிலேயே பானர்மன் பாளையங்களின் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு அறிவித்தான். மருது சகோதரரின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1801ஆம் ஆண்டு டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு விடுத்த பிரகடனம் அதனை மேலும் இறுக்கியது. கோட்டைகளை இடித்தலும் கைகளை வெறுமையாக்கலும் ஒரே கொள்கையின் இரு பகுதிகளாயின.

இலங்கையில் இக்கொள்கை முதலில் வரி வடிவத்தில் வந்தமை சுவையான செய்தியாகும். 1848ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடக்கம் ஆளுநர் ரொறிங்ரன் பிரபு விதித்த புதிய வரிகளுள் துவக்கு வரியும் ஒன்று. துவக்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு சிலிங் ஆறு பென்ஸ். நாய்க்கு வரி, கடைக்கு வரி, தெருவேலைக்குப் போகாதோர்க்கு மூன்று சிலிங் என இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோப்பிப் பொருளாதாரம் சரிந்தமையால் வெறுமையான திறைசேரியை நிரப்புதற்கே இவை விதிக்கப்பட்டன என்பது பாடநூல்கள் தரும் விளக்கம். அது சரியே. ஆனால் கண்டிக் கிராமத்தானுக்குத் துவக்கு ஆடம்பரப் பொருளன்று. காட்டுப்பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்கும் வேளாண்மைக் கருவியே அது. மண்வெட்டிக்கு வரி விதித்தாற்போன்றது அது. மேலும், வரி கட்டுதற்கு ஒருவன் தன்னிடம் துவக்கு உண்டெனக் கச்சேரியிற் சென்று எழுதுவிக்கவேண்டும். இரண்டரைச் சிலிங்கிலும் கூடிய விலை அந்தப் பெயர்ப்பட்டியலே என்பதைக் கிராமத்தவர் உடனே உணர்ந்தனர் போலும். யூலை 6இல் ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரி முன் திரண்டனர். அம்மாத இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டான். இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்தவை பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்றின் விசாரணை வரை சென்றன. 1850இல் ஆளுநர் திருப்பி அழைக்கப்பட்டார். தெருவரி நிலைத்தது. துவக்கு வரி கைவிடப்பட்டது. அந்தப் பட்டியல் வேண்டும் என்ற ஆசை மட்டும் கைவிடப்படவில்லை.

1857இன் பேரெழுச்சிக்குப் பின் இந்தியாவில் அவ்வாசை முழுச் சட்டமாக உருப்பெற்றது. லிற்றன் பிரபுவின் ஆட்சியில் நிறைவேறிய 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர் அனுமதிச்சீட்டின்றிப் படைக்கலம் வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அதன் விதிகளிலிருந்து விலக்களித்தது. சட்டம் ஒன்று, மனிதர் இரு வகையினர். 1887இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அகிம்சையின் ஆசானாகிய காந்தியடிகளே ஒரு தேசத்தின் கையிலிருந்து படைக்கலத்தைப் பறித்த அச்சட்டத்தைப் பிரித்தானிய ஆட்சியின் மிகக் கரிய செயல்களுள் ஒன்றாகக் கணித்தார் என்பதை, துவக்குரிமை என்றதும் முகஞ்சுழிப்போர் நினைவிற் கொள்ளுதல் நன்று. படைக்கலத்தை வெறுப்பது வேறு. ஒருவனிடமிருந்து அவனது நிறங் காரணமாக அதனைப் பறிப்பது வேறு. முன்னது அறம். பின்னது ஆட்சித் தந்திரம்.

இத்தந்திரம் ஆசியாவுக்கு மட்டும் உரியதன்று. அடிமை நிலை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உள்ளூர்ச் சபையின் அனுமதியின்றிச் சுடுபடைக்கலம் வைத்திருத்தலைத் தடை செய்தது. 1967இல் கலிபோர்னியாவில் கறுப்புச் சிறுத்தைகள் துவக்கேந்திச் சட்டசபைக் கட்டடத்துட் புகுந்த அதே ஆண்டில், வெளிப்படையாகத் துவக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கும் மல்போர்ட் சட்டத்தில் ஆளுநர் றேகன் ஒப்பமிட்டார். பிற்காலத்தில் துவக்குரிமையாளரின் நண்பராகப் போற்றப்பட்டவர் அவரே! அந்நாட்டிலே 1791ஆம் ஆண்டின் இரண்டாம் திருத்தம் படைக்கலம் வைத்திருத்தலை உரிமை என்றே கூறுகின்றது. அதனால் அங்கு ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமும் அவ்வுரிமை என்னும் அளவுகோலால் அளக்கப்படுகின்றது. நியூயோர்க் மாநிலத்தின் 1911ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த காரணம் காட்டுவோர்க்கே கைத்துப்பாக்கி கொண்டுசெல்லும் அனுமதி என்று அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 2022இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லாது எனத் தீர்த்தது. அத்தீர்ப்பின் விளைவுகள் பற்றி அங்கே பெரும் விவாதம் நடக்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையிற் சுடப்பட்டு மாளும் நாடு அது. அதன் முறையை இங்கே கொண்டுவருமாறு நான் கேட்கவில்லை. அதிகாரியின் விருப்பம் என்பது சட்டமாகாது என்னும் ஒரு கருத்தை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றேன்.

இனி எம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச்சட்டமே இன்றுவரை அடிப்படையாயுள்ளது. சட்டம் பிறந்த ஆண்டைக் கவனிக்கவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் தீவின் பல பகுதிகளுக்குப் பரவியது. யூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டு ஓகஸ்ட் இறுதிவரை நீடித்தது. பஞ்சாபிப் படையினரும் ஐரோப்பியத் தொண்டர்களும் துவக்குடன் வீதிகளிற் காவல் செய்தனர். விசாரணையின்றியும் பலர் சுடப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞன் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி யூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டான். அரசே சீருடையும் துவக்கும் கொடுத்து நம்பிய ஒருவனுக்கு நேர்ந்த கதி இது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் அடுக்கடுக்காகக் கேள்வி எழுப்பியதும், இங்கிலாந்து சென்று வாதாடியதும், 1916இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டதும் வரலாற்றுப் புகழ் பெற்றவை. உலகப் போரும் அப்பொழுது நடந்துகொண்டிருந்தது. இத்தகைய அச்சச் சூழலிலேயே சுடுபடைக்கலங்களின் இறக்குமதி, விற்பனை, கைமாற்றம், உற்பத்தி, பழுதுபார்த்தல், உடைமை ஆகிய யாவற்றையும் ஒரு சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் கட்டளை பிறந்தது.

அதே காலத்து இங்கிலாந்தோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். ஆங்கிலேயக் கமக்காரன் ஒருவன் வேட்டைத்துவக்கைத் தன் வீட்டில் வைத்திருக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. வெளியே கொண்டுசெல்ல வேண்டின் 1870ஆம் ஆண்டின் சட்டப்படி தபாற் கந்தோரில் பத்துச் சிலிங் கட்டிச் சீட்டுப் பெறலாம். தன் வயலிற் பறவைகளை விரட்டுதற்கு அதுவும் வேண்டியதில்லை. தபாற் கந்தோர் எழுதுவினைஞர் அவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்கமாட்டார். 1920இல் வந்த சட்டமும் றைபிளையும் கைத்துப்பாக்கியையுமே கட்டுப்படுத்தியது. வேட்டைத்துவக்குக்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும் என்ற விதி அங்கே 1967இலேயே வந்தது. இங்கிலாந்தில் அரை நூற்றாண்டு தாழ்த்தி வந்த விதி மண்டைதீவுக்கு அரை நூற்றாண்டு முந்தி வந்தது. குடியேற்றநாட்டு மனிதன் குடிமகனல்லன், ஆளப்படுவோன். இந்த ஒப்பீட்டை விட அதனைத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

கட்டளைச்சட்டம் கிராமத்தில் எவ்வாறு இயங்கியது? அனுமதி வழங்குபவர் அரசாங்க அதிபர். சீட்டை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். ஆயின் அதிபர் மண்டைதீவுக்கு வந்து விண்ணப்பதாரியைப் பார்ப்பதில்லை. விண்ணப்பதாரி எத்தகையவர் என்று எழுதுபவர் விதானையார். விதானையார் பதவி எந்தச் சாதியாரின், எந்தக் குடும்பத்தாரின் கையில் இருந்தது என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. வளவும் வயலும் உடையவனுக்கு ‘நன்னடத்தை’ எளிதிற் கிட்டியது. கரையோரக் குடிசையில் வாழ்ந்தவனும், அதே வயலைக் கூலிக்குக் காவல் செய்தவனும் விண்ணப்பம் எழுதவே துணியவில்லை. வெள்ளையன் செய்த பாகுபாட்டைப் பற்றி நீளமாக எழுதும் நாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது. எங்கள் அப்புவுக்குச் சீட்டுக் கிடைத்தது அவரது நற்குணத்தால் மட்டுமன்று என்பதை அம்மாவே ஒப்புக்கொள்வார். 1963இல் விதானையார் முறை ஒழிந்து கிராமசேவகர் வந்தனர். பரிந்துரைக்கும் கை மாறியது, பரிந்துரை மாறவில்லை.

அந்தத் துவக்கு என்ன செய்தது என்று சிலர் கேட்கக்கூடும். தீவகத்தில் காட்டுப்பன்றியில்லை. மாரி காலத்தில் நெல் விளையும் சிறு வயல்களுக்குப் பறவைகள் வரும். பரவைக் கடலோரம் தாராக்கள் இறங்கும். தேங்காய்க் கள்ளருக்கு இரவில் ஒரு வெடி போதும். 1937ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பறவை வேட்டைக்கும் வரம்பிட்டது. அது வேண்டிய சட்டமே; கண்டவற்றையெல்லாம் சுடும் வழக்கம் தொடர்ந்திருப்பின் இன்று பூநாரையைப் படத்திலேயே பார்த்திருப்போம். ஆண்டு முழுவதிலும் பத்துத் தோட்டாவுக்கு மேல் செலவாகாது என்று அம்மா சொல்வார். பெரும்பாலும் அது சுவரில் தொங்கியது; தொங்கியதே அதன் தொழில்.

சுதந்திரத்தின் பின் வந்த அரசுகள் இக்கட்டளையை ஒழிக்கவில்லை, அதன்மேல் அடுக்கின. 1956இல் வெடிபொருட் சட்டம், 1966இல் தாக்குதற் கருவிகள் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் மீண்டும் மீண்டும் வந்த அவசரகால விதிகள். 1971ஆம் ஆண்டு ஏப்ரில் 5இல் மக்கள் விடுதலை முன்னணி இளைஞர் வேட்டைத்துவக்குகளையும் கையாற் செய்த குண்டுகளையும் கொண்டு பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபின், கமக்காரனின் துவக்கு அரசின் கண்ணுக்கு வேறொன்றாகத் தெரியத் தொடங்கியது. 1979இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. 1987 தொடக்கம் 1989 வரை தெற்கில் அதே இயக்கம் வீடுவீடாகச் சென்று துவக்குகளைச் சேர்த்தது. அனுமதிச்சீட்டு உடையவன் இரு பக்கத்துக்கும் நடுவே நின்றான்: கொடாவிட்டால் அவர்கள் கொல்வர், கொடுத்தால் அரசு பிடிக்கும்.

வடக்கிலும் இதுவே நடந்தது. எண்பதுகளின் முற்பகுதியில் எங்கள் வீட்டுக்கு இளைஞர் சிலர் இரவில் வந்து துவக்கை மரியாதையாகவே கேட்டனராம். “அது கச்சேரிப் பதிவில இருக்கு தம்பியவை, நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்” என்று அப்பு சொன்னார். மீண்டும் வருவதாகச் சொல்லிப் போயினர். அவர்கள் மீண்டும் வருமுன் அவர் அதனை எடுத்துச் சென்று அரச அலுவலகம் ஒன்றில் ஒப்படைத்தார். எந்த அலுவலகம் என்பது ஈண்டு வேண்டியதில்லை. நிலைமை சீரானதும் திருப்பித் தரப்படும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. இலக்கமும் ஒப்பமும் இட்ட சீட்டொன்று கொடுக்கப்பட்டது. சட்டத்தை மதித்தவனின் துவக்குப் போயிற்று. மதியாதவர்களின் துவக்குகள் பெருகின. இதனைப் புள்ளிவிவரங்கொண்டு நிறுவவேண்டிய தேவை அக்கால யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் இராது.

இவ்விடத்தில் துவக்குரிமை வாதத்தின் மையமான கேள்வி எழுகின்றது. ஒரு சாராரின் சீட்டுத் துவக்குகள் வீடுகளைவிட்டு அகன்ற அதே பத்தாண்டிலே, எல்லைக் கிராமங்களில் பெரும்பாலும் சிங்கள, முஸ்லிம் மக்களைக் கொண்ட ஊர்காவற்படையை அமைத்து அவர்களுக்கு அரசே துவக்கு வழங்கியது. அம்மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அவ்வூர்களிலும் உறங்கிய குழந்தைகள் கொல்லப்பட்டனர். அதனை மறுப்போர் வரலாறு எழுதத் தகுதியற்றோர். ஆனால் தற்காப்பு ஒரு மனிதத் தேவையாயின் அது எல்லைக் கிராமத்துக்கு மட்டும் உரியதா? 1986ஆம் ஆண்டு யூன் 10இல் மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கு மேற்பட்ட மீனவர் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்ட் இறுதியில் இராணுவம் தீவகத்தினூடாக முன்னேறி எம் ஊரை அடைந்தபோது பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் மீளவில்லை. ஊர்க் கிணறுகள் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

அப்புவின் துவக்கு அன்று வீட்டில் இருந்திருப்பின் என்ன நடந்திருக்கும்? இக்கேள்வியை எனக்குள் பலமுறை கேட்டுள்ளேன். ஒற்றைக்குழல் துவக்கு ஒரு படையை நிறுத்தாது. வீட்டில் துவக்கு இருந்தமையே அவ்வீட்டாரைக் கொல்லக் காரணமாயிருந்திருக்கலாம். துவக்கு இருந்தால் கொடுங்கோன்மை வராது என்னும் அமெரிக்க வாதம் மண்டைதீவில் நில்லாது என்பதே என் முடிபு. எனினும் இதனால் மறுபக்க வாதம் வென்றுவிட்டதாகாது. குடிகள் படைக்கலத்தை ஒப்படைத்தால் அரசு அவர்களைக் காக்கும் என்பதே அனுமதிச் சட்டத்தின் உள்ளுறையான ஒப்பந்தம். எம் ஊரார் தம் பங்கை நிறைவேற்றினர். ஒப்பந்தத்தின் மற்றப் பாதி எங்கே என்பதே வினா.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1987 யூலை 29இன் இந்திய இலங்கை ஒப்பந்தம் இயக்கங்களின் படைக்கலங்களை ஒப்படைக்க எழுபத்திரண்டு மணி நேரம் குறித்தது. பலாலியில் ஓகஸ்ட் 5இல் அடையாளமாகச் சில கொடுக்கப்பட்டன. ஒக்ரோபரில் மீண்டும் போர். 1995 யூன் 28இல் மண்டைதீவு இராணுவ முகாமே தாக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைப் பெரிதும் உயர்த்தி, தானியங்கித் துவக்கு வைத்திருத்தலுக்கு ஆயுட்சிறை வரை விதித்தது. 2002 பெப்ரவரியின் போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8ஆம் வாசகம் அரசோடு இயங்கிய தமிழ் ஆயுதக் குழுக்களின் படைக்கலங்களைக் களைய முப்பது நாள் தவணை கூறியது. அக்குழுக்களின் துவக்கைத் தீவகம் நன்கு அறியும்; அவற்றுக்கு எந்த விதானையாரும் பரிந்துரை எழுதவில்லை. போர் முடிந்து ஈராண்டின் பின் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள், நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் சட்டவிரோத ஆயுதங்களைக் களையுமாறு மீண்டும் கேட்க நேர்ந்தது.

2024ஆம் ஆண்டு இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கெனத் தனியாட்களுக்கு வழங்கிய சுடுபடைக்கலங்களை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்குமாறு கேட்டது. நவம்பர் 7 என்ற தவணை பின்னர் நீட்டப்பட்டது. பாதாள உலகத்தாரின் துவக்குகள் நாள்தோறும் வெடிக்கும்போது பதிவிலுள்ள துவக்குகளை முதலில் அழைப்பது ஏன் என்று சீட்டுடையோர் சிலர் கேட்டனர். கேள்வி பழையதே. ஆயினும் அத்துவக்குகளுட் பல செல்வாக்கின் வழியே பெறப்பட்டவை என்பதால், மீளாய்வு தவறென நான் கூறேன். தவணை நீட்டிக்கப்படுவதும், மீளாய்வின் பின் திருப்பித் தருவது பற்றிப் பேசப்படுவதும் எங்கள் அப்புவின் காலத்தில் தீவகத்தானுக்குக் கிட்டாத மரியாதைகள் என்பதையே சுட்டுகின்றேன்.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அனுமதி மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்றும், மறுக்கப்பட்டவன் மேன்முறையீடு செய்யலாம் என்றும் கூறுகின்றது. அவ்வளவும் நடைமுறையில் ஒழுங்காக நடக்கின்றதென எவரும் சொல்லார். எனினும் எழுத்தில் இருப்பது நாளை வாதாட உதவும். எம் நாட்டில் 1916இன் கட்டளையை முழுமையாக மீளெழுதும் நாள் வருமாயின், ஒப்படைக்கப்பட்ட துவக்குக்கு அரசு பொறுப்பாளி என்றும், திருப்பித் தர இயலாவிடின் விலை கொடுக்க வேண்டும் என்றும் ஒரு வாசகத்தையேனும் சேர்த்தல் தகும். விலை பெரிதன்று. அப்புவின் துவக்கு இன்று எந்தக் களஞ்சியத்திலும் இராது. 2005இல் கொழும்பில் பகிரங்கமாக அழிக்கப்பட்ட துவக்குகளுள் அதுவும் கிடந்ததோ என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

பற்றுச்சீட்டு 1990இல் எம்மவர் ஊரைவிட்டு வெளியேறியபோது காணி உறுதிகளோடு துணியிற் சுற்றிக் கொண்டுவரப்பட்டது. பின்னும் மூன்று இடப்பெயர்வுகளைக் கண்டது. மடிப்புகளில் கிழிந்திருப்பினும் இலக்கம் தெளிவாகத் தெரிகின்றது. இக்கட்டுரைக்காக அதனை நிழற்பிரதி எடுக்கக் கேட்டபோது அம்மா முதலில் மறுத்தார். எங்கள் வீட்டில் துவக்கு இருந்தது என்று அச்சில் வருவது இப்பொழுதும் நல்லதன்று என்பது அவர் எண்ணம். இலக்கத்தை எழுதுவதில்லை என்று வாக்களித்த பின்னரே காட்டினார். ஆதலால் அவ்விலக்கம் இங்கே இடம்பெறவில்லை.